மூணாறு பசங்களுக்கான ஊர் வரலாறு லீவு கிளாஸ், அனுப்பலாமா?

எட்டாங்கிளாஸ்ல இருந்து பிளஸ் டூ வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு ஏப்ரல் மே லீவுல நம்ம எஸ்டேட்ல வளந்து படிச்ச பசங்களே சேந்து நடத்துற கிளாஸ் இது, எம்பொண்ணு போயிட்டு வந்திருக்கா, எப்படி இருக்குன்னு நிறைய பேரு கேக்குறதால எழுதுறேன். கண்டிப்பா அனுப்புங்க.

முதல் வீட்டுப்பாடமே வீட்டுல மூத்தவங்ககிட்ட கேட்டுட்டு வர்றதுதான், எந்த ஊர்ல இருந்து யாரு கூட மலையேறி வந்தீங்கன்னு. எங்கம்மா சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து எஸ்டேட்டுக்கு ஆள் சேக்குற கங்காணிகிட்ட முன்பணம் வாங்கிட்டு வந்த தாத்தா கதைய, அந்தக் கடன் கழியாம ஊருக்குத் திரும்ப முடியாம கெடந்தத பேத்திகிட்ட சொல்லிட்டே இருந்தாங்க, இத்தன வருசத்துல எனக்கே சொன்னதில்ல.

அடுத்து டாப் ஸ்டேஷன் கூட்டிட்டுப் போனாங்க. மூணாறுல இருந்து அது வரைக்கும் ரயில் ஓடுனதும், அங்கருந்து ரோப்வேல மலைக்குக் கீழ இருக்குற கொட்டகுடிக்கு தேயில எறங்கி போடிக்குப் போனதும், 1924 வெள்ளத்துல அந்த ரயிலே அழிஞ்சதும் அங்க நின்னு கேட்டா தனிதான். மழ பேஞ்சா அட்ட கடிக்கும், ஷூ போட்டு அனுப்புங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது 2015 போராட்டம் பத்தின நாள். எஸ்டேட் பொம்பளைங்களே சேந்து நடத்துன பெம்பிளை ஒருமை போராட்டத்துல ரோட்டுல உக்காந்த ரெண்டு அக்காங்களையே கூட்டிட்டு வந்துட்டாங்க. 10 சதவீத போனஸ் பத்தாது 20 வேணும், 232 ரூபா கூலி பத்தாதுன்னு யூனியன் தலைவர்கள ஒதுக்கி வச்சுட்டு பொம்பளைங்களே நின்ன கதை. யாரு கைப்பிள்ளைகளப் பாத்துக்கறது, யாரு கஞ்சி காய்ச்சுறது, யாரு ரோட்டுல உக்காருறதுன்னு லயத்துக்கு லயம் (எஸ்டேட்டுல தொழிலாளிங்க இருக்குற வரிசை வீடு) பிரிச்சுக்கிட்டத அவங்க சொல்லச் சொல்ல, போனையே எடுக்காம பிள்ளைங்க கேட்டுச்சு. கடைசியில 20 சதவீதம் வாங்குனாங்க, கூலியும் அப்புறம் 301 ஆச்சு.

பெட்டிமுடியில லயங்க மேல மலை சரிஞ்சது பத்தி பேசுறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்கள இழந்த வீடுகள்ல தனியா கேட்டுக்கிட்டாங்க, அது நல்ல விஷயம். போட்டோ எதுவும் காட்டல. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி 70 பேரு போனாங்க, கரண்டும் இல்ல போனும் இல்ல, விடிஞ்சுதான் வெளிய தெரிஞ்சது, ஏன் அப்படி ஆச்சு, லயத்த அங்க ஏன் கட்டுனாங்கன்னு பிள்ளைகளையே யோசிக்க விட்டாங்க. அதுல இருந்து நெலம் யாருது, ரிட்டயர் ஆனா லயத்த காலி பண்ணணுமே அப்புறம் எங்க போறதுன்னு பேச்சு போச்சு, ஒரு பையன் "எங்கப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருசந்தான்"னான். இத எந்த ஸ்கூல் பாடத்துல பேசுறாங்க சொல்லுங்க.

குறைன்னா குடி, கஞ்சா பத்தின நாள்தான். வெளிய இருந்து ஒருத்தர் வந்து மைக்குல திட்டிட்டுப் போனாரு, குடிக்கிற அப்பா இருக்குற பிள்ளைங்க தலைய குனிஞ்சே உக்காந்திருந்துச்சு. சம்பளத்துல எவ்வளவு கடைக்குப் போகுது, வீட்டுல யாரு தாங்குறாங்கன்னு மத்த நாள் மாதிரி பேச வச்சிருக்கணும், நடத்துறவங்ககிட்டயே சொல்லிட்டேன். அப்புறம் குடுக்குற பேப்பரெல்லாம் தமிழ்ல இருக்கு, மலையாளம் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க எழுத்துக்கூட்டித்தான் படிக்குது, கூட உக்காந்து வாசிங்க.

ஃபீஸ் இல்ல, மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வாங்குறாங்க. மறையூர், வட்டவடை பக்கம் இருபது பிள்ளைங்க சேந்தா அங்கயே வந்து நடத்துறோம்னு சொல்லியிருக்காங்க, அந்தப் பக்கம் உள்ளவங்க இப்பவே பேசி ஆள் சேருங்க.