ஜன்னலைத் திறந்தால் சுவர்: ஜெய்சல்மேர் போகிறவர்கள் கவனத்துக்கு

கடந்த ஜனவரியில் நானும் கணவரும் மாமியாருமாக ராஜஸ்தானின் பாலைவன ஊரான ஜெய்சல்மேர் போய்வந்தோம். ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தங்கிய விடுதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் ஏமாற்றிய விதத்தை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இது அந்த ஒரு விடுதியோடு நிற்கும் வித்தை இல்லை என்று அந்த ஊர் ஆட்டோக்காரரே சொன்னார்.

பழைய ஒட்டக வணிகப் பாதையைக் கருவாக வைத்து அலங்கரித்த எட்டு அறைகள் கொண்ட சிறிய விடுதி என்று விளம்பரம் சொன்னது. சரக்கு போய்வந்த ஊர்களின் பெயர்களை அறைகளுக்கு வைத்திருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது முல்தான். படத்தில், பூவேலைப்பாடு செதுக்கிய மஞ்சள் கல் ஜரோகா, அதாவது வெளியே நீட்டிய ஜன்னல் மாடம். அதன் வழியே மாலை வெயிலில் கோட்டை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் விழுந்தோம்.

கோட்டைக்கு உள்ளேயே விடுதிகள் இருக்கின்றன. வேண்டாம் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டை. இன்றும் உள்ளே ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கடீசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்து மேலே கொண்டுபோன தண்ணீர் இப்போது குழாயில் வருகிறது. அந்தக் கழிவுநீர் கசிந்து, கோட்டையின் அடியில் உள்ள களிமண் படிவத்தை இளக்குகிறது. கொத்தளங்கள் சில சரிந்தும் இருக்கின்றன. "நாம் குளித்துக் கோட்டையைக் கரைக்க வேண்டாம்" என்றார் கணவர். அதனால்தான் கோட்டைக்கு வெளியே, கோட்டை தெரிகிற அறையாகத் தேடினோம்.

பயண இணையதளம் ஒன்றில் மூன்று இரவுக்கு முன்பதிவு செய்தோம். மறுநாளே விடுதி மேலாளரிடமிருந்து தொலைபேசி அழைப்பு. தேன் ஒழுகும் குரல். "இணையதளத்துக்கு எதற்கு தரகு கொடுக்க வேண்டும்? அதை ரத்து செய்துவிட்டு எனக்கே நேராக அனுப்புங்கள். இரவுக்கு 3,200 ரூபாய், காலை உணவோடு" என்றார். 600 ரூபாய் குறைவு. கணவர் அங்கேயே யுபிஐயில் மூன்று இரவுக்கான 9,600 ரூபாயையும் அனுப்பிவிட்டார். நடந்தவற்றுக்கெல்லாம் வாசல் திறந்துவிட்டது இந்த ஒரு காரியம்தான். முன்பதிவை ரத்து செய்த நிமிடத்தில் இணையதளத்துக்கும் எங்களுக்கும் பேச்சு முடிந்துவிட்டது. பிறகு நான் அவர்களிடம் புகார் சொன்னபோது, "உங்கள் பெயரில் முன்பதிவே இல்லையே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறும் இல்லை.

ஜோத்பூரிலிருந்து இரவு ரயிலில் கிளம்பி, விடியும் முன்பே போய்ச் சேர்ந்தோம். பாலைவனத்து ஜனவரிக் குளிர் எலும்பில் இறங்கியது. எத்தனை மணிக்கு வந்தாலும் அறை தயாராக இருக்கும் என்று தொலைபேசியில் சொன்னவர், இப்போது 12 மணிக்குத்தான் அறை, முன்னதாக வேண்டுமென்றால் 1,000 ரூபாய் என்றார். மாமியாரின் பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன. கொடுத்தோம்.

அறைக்குள் போனதும் ஜரோகாவின் மரக் கதவுகளைத் திறந்தேன். கதவுக்குப் பின்னால் கண்ணாடி. கண்ணாடிக்குள் கோட்டை, அதே மாலை வெயில். அப்போது காலை ஆறு மணிகூட ஆகவில்லை, வெளியே கும்மிருட்டு. ஒரு நொடி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் பக்கவாட்டில் ஓடிய சிறு விளக்குப் பட்டை கண்ணில் பட்டது. சுவரில் ஒட்டிய படம். அதற்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். சுற்றியிருந்த செதுக்கு வேலையை விரல் கணுவால் தட்டினேன். டொக்கு டொக்கென்று உள்ளீடற்ற ஓசை. அச்சில் வார்த்த ஏதோ ஒன்றின் மேல் மணல் நிறத்தில் வர்ணம். கல்லை ஜரிகை போல இழைத்த பட்வா மாளிகை நடக்கிற தூரத்தில் நிற்கிறது. சாதாரண வீட்டு மாடங்களில்கூட அசல் கல்வேலை இருக்கிற ஊர் அது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு போலிக் கல் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சாப்பாட்டுக் கூடத்தின் தரையில் மணலைக் கொட்டியிருந்தார்கள். பாலைவன உணர்வுக்காம். மாமியார் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வாசலில் மணல் கிடந்தாலே பெருக்கித் தள்ளுகிறவள் நான். இங்கே காசு கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கிறது" என்றார். கூடத்தில் மணலைக் கொட்டத் தெரிந்தவர்களுக்கு அறைக்கு ஒரு ஹீட்டர் வைக்கத் தெரியவில்லை. கேட்டால் நாளுக்கு 500 ரூபாய் தனி.

அன்று இரவு அந்தப் பகுதியின் பரம்பரை நாட்டுப்புற இசைக்காரர்களான மாங்கணியார் பாடகர்கள் மூன்று பேரை அழைத்து வந்திருந்தார்கள். அதை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. வயதான ஒருவர் வில்லால் வாசிக்கும் நரம்பு வாத்தியமான கமாய்ச்சாவை மடியில் சாய்த்து, விறைத்த விரல்களை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு சுருதி சேர்த்தார். வில் நரம்பில் பட்டதும் கூடம் அடங்கிப்போனது. இரண்டே பாட்டு. மூன்றாவது தொடங்கும் முன் மேலாளர் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வாத்தியத்தைத் துணியில் சுற்றினார். அதற்கு எங்கள் பில்லில் தலைக்கு 400 ரூபாய் எழுதியிருந்தார்கள். கிளம்பும்போது அவரிடம் பேசியதில் அவர் கைக்கு என்ன வருகிறது என்று தெரிந்தது. இங்கே எழுதினால் அவருக்கு அந்த வேலையும் போய்விடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மாதிரி விடுதிகளுக்கு அறை வாடகை வெறும் தூண்டில். வருமானம் ஒட்டகச் சவாரியில்தான். ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள். ஜீப், ஒட்டகம், கூடாரம், இரவுச் சாப்பாடு என்று விடுதியே மொத்தமாக விற்கிறது. எங்களிடம் தலைக்கு 4,500 ரூபாய் கேட்டார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, ஒட்டகத்தில் ஏற முடியாது என்று காலையிலேயே சொல்லிவிட்டோம். மதியம் மறுபடி கேட்டார்கள். இரவு மறுபடி. "அம்மாவை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் போங்கள்" என்றார் மேலாளர். வேண்டாம் என்றதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

மறுநாள் காலை கீசரில் தண்ணீர் சுடவில்லை. காலை உணவுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பத்து மணிக்கு மேலாளர் வந்து, பெரிய குழு ஒன்று வருகிறது, இன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். மூன்று இரவுக்குப் பணம் வாங்கியிருக்கிறீர்களே என்றதற்கு, சவாரி எடுப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை விலை என்று பதில் வந்தது. தொலைபேசியில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எங்கள் பையைத் தூக்கி வந்த பையன், மேலாளர் அப்பால் போனதும், "சவாரிக்குப் போகாதவர்களுக்கு எப்போதும் இப்படித்தான் அக்கா" என்று இந்தியில் முணுமுணுத்தான்.

பில் வந்தது. தங்காத இரண்டு இரவுகளைக் கழிக்கவில்லை. 12 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். என் கணவர் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பில்லில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை எண்ணத் தொடங்கினார். 15 இலக்கம் இருக்க வேண்டும், ராஜஸ்தான் என்றால் 08இல் தொடங்க வேண்டும். அதில் இருந்தவை 13. தவிர, நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். சேவைக் கட்டணத்தை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதையெல்லாம் அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, மேலாளர் பில்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் அதற்குள் படம் எடுத்திருந்தேன்.

சேவைக் கட்டணத்தை மட்டும் அடித்துவிட்டார். மீதியைக் கட்டினால்தான் பை வெளியே வரும் என்ற நிலை. கட்டிவிட்டு, பட்வா மாளிகைப் பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் சாதாரண விடுதிக்குப் போனோம். அலங்காரம் எதுவும் கிடையாது, பிளாஸ்டிக் வாளி, நீலப் போர்வை. ஆனால் ஜன்னல் மாடம் அசல் கல். மாமியார் இரண்டு நாளும் அதில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். விடுதியிலிருந்து பதில் இல்லை. ஊர் திரும்பியதும் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வழக்காகவே கொடுத்தோம். இதற்காக ஜெய்சல்மேருக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்குக் கைகொடுப்பவை யுபிஐ ரசீதும் பில்லின் படமும் ஜன்னலின் படமும். அந்தத் தொலைபேசிப் பேச்சை எழுத்தில் வாங்கியிருந்தால், மூன்று இரவு, சவாரி கட்டாயமில்லை என்று ஒரு வரி குறுஞ்செய்தியாக வாங்கியிருந்தால், பாதி வழக்கு முடிந்திருக்கும். வாடகை அக்கம்பக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், சவாரி எடுக்காவிட்டாலும் இதே விலையா என்று பணம் அனுப்பும் முன்பே கேளுங்கள். கோட்டை தெரியும் அறை என்றால், ஜன்னலைத் திறந்து காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள்.

நேற்றும் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். அதே ஜன்னல், அதே மாலை வெயில். வாடகை மட்டும் இன்னும் 200 ரூபாய் குறைந்திருக்கிறது.