ஜெலாட்டோவா, ஐஸ்கிரீமா?

இத்தாலிய மொழியில் ஜெலாட்டோ என்றால் 'உறைந்தது' என்றுதான் பொருள். அந்நாட்டில் ஐஸ்கிரீம் அனைத்துக்கும் அதுவே பெயர். ஆயினும், இத்தாலியின் சிறு கடைகளில் அன்றன்று கடைந்து விற்கும் ஜெலாட்டோவும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவாகி டப்பாவில் அடைபட்டு வரும் ஐஸ்கிரீமும் ஒரே பண்டத்தின் இரு பெயர்கள் அல்ல.

வேறுபாடு கொழுப்பில் தொடங்குகிறது. அமெரிக்க விதிகளின்படி, ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்கப்படும் பண்டத்தில் பொதுவாகக் குறைந்தது 10 விழுக்காடு பால்கொழுப்பு இருக்க வேண்டும்; உயர்விலை வகைகளில் அது 14 விழுக்காட்டையும் தாண்டும். ஜெலாட்டோவிலோ பால் மிகுதி, கிரீம் குறைவு. ஆகவே கொழுப்பு பெரும்பாலும் 4 முதல் 9 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். கொழுப்பு கூடினால் ருசியும் கூடும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் நாக்கின்மேல் படலமாகப் படியும் கொழுப்பு பிற சுவைகளைச் சற்று மழுக்கிவிடுகிறது. எத்னா எரிமலைச் சரிவில் விளையும் புரோன்டே பிஸ்தாவையோ பீட்மாண்ட் பகுதியின் ஹேசல்நட்டையோ அரைத்துச் சேர்த்த ஜெலாட்டோவில், அந்தப் பருப்பின் மணம் பாலை முந்திக்கொண்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது காற்று. விலை மலிவான ஐஸ்கிரீமில், கலவையின் அளவுக்கு ஏறத்தாழச் சமமாகக் காற்றைப் புகுத்திவிடுகிறார்கள். ஒரு கேலன் ஐஸ்கிரீம் 4.5 பவுண்டுக்குக் குறையக் கூடாது, அதாவது லிட்டருக்குச் சுமார் 540 கிராமாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி வரையறுத்திருப்பதே, இந்தக் காற்றுக்கு ஓர் எல்லை வேண்டியிருந்ததைக் காட்டுகிறது. மெதுவாகக் கடையப்படும் ஜெலாட்டோவில் காற்று பொதுவாக 20 முதல் 35 விழுக்காடுதான். அதனால்தான் சிறு கிண்ணமும் கையில் கனக்கிறது.

குளிரும் மாறுபடுகிறது. வீட்டு ஃப்ரீசரின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. ஜெலாட்டோவை மைனஸ் 12, 13 டிகிரி அளவில் பரிமாறுகிறார்கள். நாக்கு மரத்துப்போகாததால் சுவை உடனே தெரிகிறது.

ஆனால் ஜெலாட்டோவின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. கொழுப்பும் காற்றும் குறைந்த இந்தப் பண்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் வைத்திருந்தால், அது பாறைபோல் இறுகி, பனித்துகள் நெறுநெறுக்கத் தொடங்கும். டப்பாவில் வைத்துப் பல நாள் உண்பதற்கு ஐஸ்கிரீமே ஏற்றது. வெனிலாவுக்கும் நான் ஐஸ்கிரீமையே தேர்ந்தெடுப்பேன்; முட்டை மஞ்சள்கருவும் கிரீமும் தரும் செழுமை அந்த மணத்துக்கு அவ்வளவு பொருந்துகிறது. எலுமிச்சைக்கு இரண்டுமே வேண்டாம். சிசிலி மக்கள் கோடைக் காலையில் பிரியோஷ் ரொட்டியோடு உண்ணும், பால் சேராத உறைபனிப் பண்டமான கிரானிட்டாவுக்கு அதில் இணை கிடையாது. பருப்பு வகைகளுக்கும் பழங்களுக்கும், கடையிலேயே நின்று உண்பதற்கும், என் தேர்வு தயக்கமின்றி ஜெலாட்டோதான்.

இத்தாலியிலும் எல்லாக் கடைகளும் ஒன்றல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் மலைபோல் குவிந்திருக்கும் பளிச்சென்ற பச்சைப் பிஸ்தா பெரும்பாலும் நிறமியின் வேலை. உண்மையான பிஸ்தா ஜெலாட்டோ பழுப்பு கலந்த மங்கிய பச்சையாகவே இருக்கும். மேடையில் பதித்த, மூடியிட்ட உலோகக் குழிகளில் ஜெலாட்டோவை வைத்திருக்கும் கடையில் கண்ணைக் கவர எதுவும் இராது. ஆனால் காற்றும் வெளிச்சமும் படாமல் குளிர் சீராக நிற்பது அங்கேதான். புதிய ஊரில் இரண்டு வகைக் கடைகளும் எதிரெதிரே இருந்தால், மூடியிட்ட கடைக்குச் சென்று முதலில் பிஸ்தாவைக் கேளுங்கள்.