சுடுநீர்த் தொட்டிக்குக் குளோரினா, புரோமினா?

சுங்கை சிப்புட்டில் ஹோம்ஸ்டே நடத்திக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் சுடுநீர்த் தொட்டியும் வைப்பவருக்கு நீரில் கிருமியைக் கொல்ல முதலில் கண்ணில் படுவது குளோரின்தான். விலை குறைவு, வேலையும் வேகம். ஆனால் 40 டிகிரி வெந்நீரில் சீக்கிரம் தீர்ந்துவிடும், பிஎச் (நீரின் அமில-கார அளவு) 7.8-ஐத் தாண்டினால் வலுவும் குறையும். அப்புறம் அந்தக் கண்ணெரிக்கும் வாடை! அது குளோரின் கூடிப்போனதால் வருவதில்லை. வியர்வையோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் காரணம்.

புரோமின் சூட்டைத் தாங்கும், பிஎச் கொஞ்சம் ஏறினாலும் வேலை செய்யும். விலைதான் கூடுதல். நம்மூர் வெயிலில் மூடாமல் விட்டால் போச்சு. குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் இதற்கு உதவாது. கூரைக்கடியில் தொட்டி என்றால் நான் புரோமின் பக்கம்.

குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் 3 பங்கு), புரோமின் 4 இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கலாம்.