மூட்டையை அவிழ்க்கும் முன் போட்டோ எடுங்கள்: இரண்டு நாள் பயிற்சி எப்படி?

கண்ட இடத்தில் குப்பை போடுகிறவர்கள், ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும் உள்ளாட்சி அலுவலர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். போகலாம். முதல் நாள் காலையை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட வேண்டும்.

அந்தக் காலை முழுக்கச் சட்டப் பிரிவுகள்தான், ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசித்தார்கள், வாசிக்க எனக்கும் தெரியும்.

மதியம்தான் களைகட்டியது. மைதான மூலையில் அவர்களே ஒரு குவியலைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். நான் ஆர்வக்கோளாறில் நேராகப் போய் ஒரு கறுப்பு மூட்டையின் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். பயிற்சியாளர் சத்தம் போடவில்லை, "இது முதலில் எப்படிக் கிடந்தது என்று நீதிபதி கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார். முகம் செத்துவிட்டது. முதலில் தள்ளி நின்று முழு இடமும் தெரிகிற மாதிரி போட்டோ, அடுத்து கிட்டப் போய் அளவுகோல் வைத்து ஒன்று, டயர்த் தடம் இருந்தால் மிதிக்காமல் அதையும்; அப்புறம்தான் தடித்த கையுறையும் இடுக்கியும். கையை விட்டுத் துழாவவே கூடாது, உள்ளே ஊசி கிடக்கலாம். உடைந்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் மாதிரி ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகிவிட வேண்டும்.

உள்ளே பெயர், முகவரியோடு ஒரு கரண்ட் பில் கிடைத்தது. கேஸ் முடிந்தது என்று நாங்கள் குதிக்க, அவர் சிரித்தார். பில்லில் பெயர் இருப்பவர் யாரோ ஒரு வேன்காரருக்குக் காசு கொடுத்து அள்ளிப்போகச் சொல்லியிருக்கலாமே? வண்டி நம்பரும் அப்படித்தான், உரிமையாளர் ஒருவர், ஓட்டியவர் இன்னொருவர். பில் இருந்தால் போய்க் கதவைத் தட்டி விசாரிக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள், இடத்தில் பார்த்ததைப் பதிவு செய்யும் நோட்டு எழுதும் பயிற்சி. பேனாவில்தான் எழுத வேண்டும், தப்பானால் ஒரே கோடு அடித்து இனிஷியல், வொயிட்னர் கூடாது, பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. என் நோட்டு சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது: நேரத்தை எழுத மறந்திருந்தேன்.

குறை என்றால் இரண்டு. கோபமாகச் சண்டைக்கு வருகிறவரைச் சமாளிக்கும் பயிற்சியைச் சும்மா ஒப்புக்கு வைத்தார்கள், அதில் கோபக்காரராக நடித்தவர் நடுவில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். ஆதாரம் எடுத்த பிறகு குவியலை யார், எப்போது அள்ளுவது என்ற பேச்சே வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை. உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழு 1990-ல் வெளியிட்ட ஆய்வில், காரில் செருகியிருந்த துண்டறிக்கையைச் சுத்தமான பார்க்கிங் தரையில் போட்டவர்கள் 14 சதவீதம்தான், ஏற்கெனவே குப்பையாகக் கிடந்த தரையில் 32 சதவீதம். அள்ளாமல் விட்டால் நாளைக்கு அதே இடத்தில் இன்னொரு கேஸ்.

புதிதாகச் சேர்ந்தவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். அனுபவம் உள்ளவர்கள் மதியத்துக்கு மேல் வந்தாலே போதும், ஆனால் வருகைக் கையெழுத்தைக் காலையிலேயே வாங்கிவிடுகிறார்கள்.