வில்வித்தை ஆப்: கிளவுடா, வேப்பமரத்தடி ரூட்டரா?

அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மைதானம். அங்கே நடக்கும் வில்வித்தைப் போட்டிகளுக்கு நேரம் காட்டவும் ஸ்கோர் போடவும் ஆப் செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தாயிற்று: கிளவுட் டேட்டாபேஸை நம்பிய ஆப், பிரவுசரில் திறக்கும் வெப் ஆப், மைதானத்திலேயே லேப்டாப்பும் ரூட்டரும் வைத்து அதோடு மட்டும் பேசும் ஆண்ட்ராய்டு ஆப்.

முதல் தலைவலி நேரம். இரண்டு பீப் அடித்தால் எய்கிற கோட்டுக்கு வரலாம். பத்து விநாடி கழித்து ஒரு பீப், அப்புறம்தான் எய்யலாம். மூன்று பீப் கேட்டால் அம்பு பிடுங்கப் போகலாம். ஆரம்பத்தில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்தேன். சத்தம் இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தால் அது தூங்கிவிடும். எழும்போது முதல் பீப்பை விழுங்கிவிடும். இரண்டு பீப் ஒன்றாகக் கேட்டது. கோட்டுக்கு வந்த ஒரு பையன் நாணை இழுத்தே விட்டான். மாஸ்டர் ஓடிவந்து நிறுத்தினார். "தம்பி, இது கேரம் போர்டு இல்ல" என்றார். அன்றே மைக் செட்டுக்காரரிடம் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் வாங்கி ஒயர் போட்டாகிவிட்டது. எந்த ஆப்பாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

வெப் ஆப்பின் கவர்ச்சி, எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டாம் என்பது. ஐபோன்காரரும் திறக்கலாம். ஆனால் வேறு டேபுக்குப் போனால் பிரவுசர் டைமரை மெதுவாக்கிவிடும். அதனால் விநாடி விநாடியாகக் கழிக்காமல், முடியும் நேரத்தைக் குறித்து வைத்துக் கணக்கிடவேண்டும். இது சமாளிக்கக்கூடியதுதான். திரை அணையாமல் வைக்கும் வசதிதான் படுத்தியது. அதற்கு எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வேண்டும். உள்ளூர் ரூட்டரில் சாதாரண எச்டிடிபி முகவரியில் திறந்தால் கிடைக்காது. ஸ்கோர் எழுதுகிறவர் வியர்த்த விரலோடு ஒவ்வொரு முறையும் லாக்கைத் திறந்துகொண்டிருந்தார்.

கிளவுட் ஆப் பார்க்க அழகு. வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவும் ஸ்கோரை நேரலையாகப் பார்க்கலாம். சிக்கல் இலக்குப் பலகை அருகே. எழுபது மீட்டர் ரிகர்வ் (நுனி வளைந்த வில்) தகுதிச் சுற்றில் 72 அம்பு, அதிகபட்சம் 720. பலகையில் இரண்டு வளையத்துக்கு நடுவே உள்ள கோட்டில் அம்பு தொட்டால், இரண்டில் உயர்ந்த மதிப்பெண். இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிடவேண்டும். சிக்னல் போனால் இரண்டு போனும் தனித்தனியே சேமித்துக்கொள்ளும். திரும்ப வந்ததும் கடைசியில் போய்ச் சேர்ந்தது முந்தையதை அழித்துவிடலாம். ஒருவர் 9, இன்னொருவர் 10 என்று போட்டிருந்தால் சண்டை வரவேண்டிய இடத்தில் சத்தமே இல்லாமல் ஒன்று காணாமல் போகும். இருவர் எழுதியதையும் தனித்தனிப் பதிவாக வைத்தால் தப்பிக்கலாம். ஆனால் வித்தியாசம் இருப்பது நடுவர் மேசைக்கு அந்த நேரத்திலேயே தெரியாது.

அதனால் நான் மூன்றாவது பக்கம். டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய ரூட்டர் வேப்பமரத்தில் தொங்குகிறது. இன்டர்நெட் இல்லாத வைஃபை என்று தெரிந்ததும் சில போன்கள் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் போனைக் கையில் கொடுக்கவேண்டும். ஆப்பில் இருந்த கருப்புப் பின்னணியையும் மாற்றிவிட்டேன். மதுரை வெயிலில் அதில் ஒன்றும் தெரியாது. வெள்ளையில் பெரிய கருப்பு எழுத்துதான்.

முடிவுகளை வெளியிட மட்டும் என்றால் ஆப்பே எழுதவேண்டாம்; இத்தாலியில் உருவான இயன்சியோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எங்களுக்கு நேரமும் ஸ்கோரும் ஒன்றாக வேண்டியிருந்தது.

அடுத்த வேலை நாக்அவுட். இருவர் மாறி மாறி எய்யும்போது அம்புக்கு 20 விநாடி. ஒருவர் விட்டதும் நடுவர் பொத்தானை அழுத்தினால் மற்றவரின் கடிகாரம் அந்தக் கணமே ஓடவேண்டும். போன வாரம் கிளவுட் வழியாக முயன்றபோது ஒன்றரை விநாடி போனது. ரூட்டரில் தாமதமே கண்ணுக்குத் தெரியவில்லை.