தடவரைபட விளம்பரம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பு: வடக்கில் கடை நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஒன்ராறியோவின் வடக்கூர்களில் பெற்றோல் நிலையமோ மோட்டலோ சிற்றுண்டிச்சாலையோ நடத்தும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த ஆண்டு செப்டெம்பர் மாதம், ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) சங்கத்தின் தடவரைபடத்தில், அதாவது அந்த வண்டிகள் ஓடும் பாதைகளைக் காட்டும் வரைபடத்தில், விளம்பரம் போடுவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் என்னிடம் 542 டொலர் 40 சதம் வாங்கியது. அப்படியொரு வேலை அந்த நிறுவனத்திடம் ஒருபோதும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. தொகை பெரிதென்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊரிலேயே இன்னும் மூன்று கடைக்காரர்கள் அதே வாரத்தில் அதே குரலுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள் என்பதும், நாங்கள் நால்வரும் அதைப் பற்றி ஒருவருக்கொருவர் வாய் திறக்காமல் ஒன்றரை மாதம் இருந்துவிட்டோம் என்பதும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

எங்கள் நிலையம் ஹன்ட்ஸ்வில்லுக்கு வடக்கே 11ஆம் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. கோடையில் ஏரிக்கரை வீடுகளுக்கு வருவோரால் வியாபாரம் நடக்கும். ஒக்ரோபரில் நன்றி நவிலல் நாள் முடிந்து அவர்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு, ஜனவரியிலும் பெப்ரவரியிலும் எங்களைத் தாங்குவது ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்கள்தான். ஒரு வண்டியின் தாங்கியில் ஏறத்தாழ 40 லீற்றர் பிடிக்கும். பனியின் தன்மையையும் ஓட்டும் வேகத்தையும் பொறுத்து 150 முதல் 200 கிலோமீற்றர் வரை அது தாங்கும். ஆகவே காலையில் புறப்படும் எவரும் நடுவில் எங்கே பெற்றோல் நிரப்புவது என்று திட்டமிட்டுத்தான் புறப்படுகிறார். ஆறு பேர் கொண்ட ஒரு குழு வந்து நின்றால் ஆறு தாங்கிகள் நிறையும், ஆறு கோப்பை சூப் போகும், இரண்டு போத்தல் எஞ்சின் எண்ணெயும் போகும்.

அந்தக் குழுவை எங்கள் வாசலுக்குக் கொண்டுவருவது வரைபடம். ஒன்ராறியோவில் சங்கங்களின் கூட்டமைப்பு இணையத்தில் இலவசத் தடவரைபடம் ஒன்றை வைத்திருக்கிறது. எந்தத் தடம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் அதில் பார்க்கலாம். ஆனாலும் காட்டுக்குள் தொலைபேசிக்கு அலை கிடைப்பதில்லை, மறை இருபது (-20) பாகைக் குளிரில் பற்றரி விரைவில் இறங்கிவிடுகிறது. அதனால் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் காகித வரைபடத்துக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. அதன் ஓரங்களில் உள்ளூர்க் கடைகளின் சிறு விளம்பரங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணைத் தடத்தின் அருகே கடை இருக்கும் இடத்தில் குறிப்பார்கள். பெற்றோல் குழாய், முள்ளும் கரண்டியும், கட்டில் ஆகிய குறியீடுகளைக் கண்டுதான் ஓட்டுபவர் எங்கே திரும்புவது என்று முடிவு செய்கிறார்.

எங்கள் ஊர்ச் சங்கம் முழுக்கத் தொண்டர்களால் நடப்பது. தடத்தின் பெரும்பகுதி தனியார் நிலங்களின் ஊடாகச் செல்கிறது. நில உரிமையாளர் இந்த ஆண்டு சம்மதித்தால் தடம் உண்டு, அடுத்த ஆண்டு மனம் மாறினால் வளைத்துப் போடவேண்டும். குளிர் இறங்கியபின் இரவில் பனியைச் சமப்படுத்தும் இயந்திரத்தை ஓட்டுகிறவர்களில் ஒருவர் எங்கள் பாடசாலைப் பேருந்தின் சாரதி. இவர்களில் ஒரு மூத்த பெண்மணி ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கி விளம்பரம் சேர்ப்பார். பெயரட்டை அளவு விளம்பரத்துக்கு நான் நான்கு ஆண்டுகளாக 150 டொலர் கொடுத்துவந்தேன். இந்தப் பழக்கத்தைத்தான் அந்த நிறுவனம் பயன்படுத்திக்கொண்டது.

செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு காலை, கடையில் கூட்டம் இருக்கும் வேளை பார்த்துத் தொலைபேசி வந்தது. பேசியவர் மிகவும் மரியாதையான பெண். விளம்பரம் போடுகிறீர்களா என்று அவர் கேட்கவே இல்லை. “உங்கள் பகுதித் தடவரைபடத்தில் சென்ற ஆண்டு வந்த உங்கள் விளம்பரத்தைப் புதுப்பிக்கிறோம், முகவரியையும் திறக்கும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும்” என்று தொடங்கி, என் விளம்பரத்தில் இருந்த வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் வாசித்தார். ‘சூடான சூப், சூடான கையுறை’ என்பது என் மகள் எழுதித் தந்த வரி. அதை வேற்றாள் வாயிலிருந்து கேட்டதும் இவர்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள்தான் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. அச்சிட்டு ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கொடுத்த காகிதத்தில் இருக்கும் வரியை எவரும் வாசிக்கலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கல்லாவில் வரிசை நின்றது. முகவரி சரியா என்றார், ஆம் என்றேன். நேரம் சரியா என்றார், ஆம் என்றேன். அந்த ‘ஆம்’களையெல்லாம் பதிவுசெய்து வைத்திருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

மறுநாள் மின்னஞ்சலில் மாதிரிப் பிரதி வந்தது. சங்கத்தின் சின்னம் மேலே, என் விளம்பரம் வண்ணத்தில், பக்கத்தில் வரைபடத்தின் ஒரு துண்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சரி என்றால் ஒரு சொல்லில் பதில் அனுப்புமாறு கேட்டிருந்தார்கள், அனுப்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் இன்வொய்ஸ் வந்தது: பின்பக்க இடமும் இணையக் குறியும் சேர்த்து 480 டொலர், அதன்மேல் 13 சதவீத எச்.எஸ்.ரி விற்பனை வரி 62 டொலர் 40 சதம். விலை ஏன் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது என்று கேட்டபோது, இந்த ஆண்டு முழு வண்ணம், இருமடங்கு பிரதிகள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றார்கள். எத்தனை பிரதிகள், எந்த அச்சகம், எங்கே விநியோகம் என்று நான் கேட்கவில்லை. கடனட்டை ஏற்பதில்லை என்று சொன்னதால் வங்கிக் கணக்கிலிருந்து நேரே போகும் இன்டராக் மின்பரிமாற்றம் செய்தேன். கடனட்டை ஏற்காத பதிப்பகம் ஒன்று இந்தக் காலத்தில் இருக்குமா என்று என் மனைவி இரவு உணவின்போது கேட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒக்ரோபர் கடைசியில் அந்த மூத்த பெண்மணி வழக்கம்போலப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வந்து கல்லாவில் நின்றார். செலுத்திவிட்டேனே என்றேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “யாரிடம்?” என்று கேட்டார். சங்கம் எந்த நிறுவனத்தையும் அமர்த்தவில்லை, சின்னத்தைப் பயன்படுத்த எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அவர் அன்று மாலையே பொருளாளரிடம் பேசினார். பொருளாளர் மற்றக் கடைகளுக்குத் தொலைபேசி எடுத்தபோதுதான் மோட்டல்காரர், சிறு எஞ்சின் பழுதுபார்ப்பவர், காலையுணவுக் கடை நடத்தும் தம்பதியர் என்று ஒவ்வொருவராக வெளிவந்தார்கள். முதலாமவர் சங்கத்தை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மற்ற மூவரும் தப்பியிருப்போம். நானே அந்த முதலாமவனாக இருந்திருக்கலாம்.

நவம்பரில் இரண்டாவது இன்வொய்ஸ் வந்தது: விநியோகக் கட்டணம் 195 டொலர், பத்து நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் கடன் வசூலிப்பவர்களிடம் ஒப்படைக்கப்படும் என்ற எச்சரிக்கையோடு. தொலைபேசியில் கேட்டபோது என் ‘ஆம்’களை எனக்கே ஒலிக்கவிட்டார்கள். முகவரிக்குச் சொன்ன ஆம், ஒப்பந்தத்துக்குச் சொன்ன ஆமாக ஆகியிருந்தது.

பணத்தை விட என்னைக் கலங்கவைத்தது டிசம்பரில் வந்த பொதி. ஆம், அவர்கள் ஏதோ ஒன்றை அச்சிட்டுத்தான் இருந்தார்கள். 25 பிரதிகள் எனக்கு வந்தன. பழைய வரைபடம் ஒன்றைப் பிரதியெடுத்து, ஆண்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நில உரிமையாளர் சம்மதத்தை விலக்கிக்கொண்டதால் மூடப்பட்ட தடம் அதில் திறந்த தடமாக இருந்தது. எங்கள் பெற்றோல் குறியீடு ஆற்றின் மறுகரையில் விழுந்திருந்தது. அங்கிருந்து பாலத்தைச் சுற்றி வர 14 கிலோமீற்றர். கடையில் ஒரு பிரதியையும் வைக்காமல் பொதியை உள்ளே போட்டுப் பூட்டினேன். அப்படியிருந்தும் வேறெங்கோ எடுத்த பிரதியோடு ஜனவரியில் இரண்டு இளைஞர்கள் இருட்டிய பிறகு வந்து சேர்ந்தார்கள். குறியீடு காட்டிய இடத்தில் மரங்களைத் தவிர ஒன்றுமில்லை என்றும், திரும்பும் வழியில் ஒரு வண்டி நின்றுவிட, மற்ற வண்டியிலிருந்து பெற்றோலை உறிஞ்சி ஊற்றிக்கொண்டு வந்ததாகவும் சொன்னார்கள். அந்தக் காகிதத்தின் மூலையில் என் கடையின் பெயர் இருந்தது. அவர்கள் என்னைத்தான் குற்றம் சொன்னார்கள். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

நான் எடுத்த நடவடிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். வங்கி கையை விரித்தது: மின்பரிமாற்றம் மறுபக்கத்தில் வைப்பிலிடப்பட்டபின் அதைத் திருப்ப முடியாது. கடனட்டையாக இருந்திருந்தால் முறைப்பாடு செய்து பணத்தை மீட்க ஒரு வழியாவது இருந்திருக்கும்; அதனால்தான் அவர்கள் கடனட்டையை ஏற்பதில்லை. இன்வொய்ஸில் இருந்த எச்.எஸ்.ரி பதிவெண்ணைக் கனடா வருவாய் முகவரகத்தின் இணையப் பதிவேட்டில் தேடினேன். உண்மையான எண் ஒன்பது இலக்கங்களும், அடுத்து ஆர்.ரி என்ற இரண்டு எழுத்துகளும், மேலும் நான்கு இலக்கங்களும் கொண்டது. நிறுவனத்தின் பெயரையும் திகதியையும் சேர்த்துக் கொடுத்தால் அது செல்லுபடியாகுமா என்று எவரும் அந்தப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுடைய எண் அந்தப் பெயருக்குப் பொருந்தவில்லை. அதாவது வரி என்று வாங்கிய 62 டொலரையும் என் வரிக்கணக்கில் நான் அரசிடமிருந்து திரும்பக் கோர வழியில்லாமல் போயிற்று. இந்தச் சரிபார்ப்புக்கு எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பணம் அனுப்புவதற்கு முன் செய்யாத இரண்டு நிமிட வேலை.

பிறகு கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும், வணிகத்தில் நடக்கும் ஏமாற்றுகளை விசாரிக்கும் போட்டிப் பணியகத்துக்கும் முறைப்பாடு அனுப்பினேன். அந்த மையம் 1993இல் நோர்த் பேயில் தொடங்கப்பட்டது. எங்களுக்கு வடக்கே இதே நெடுஞ்சாலையில்தான் அந்த ஊர் இருக்கிறது. தொலைபேசியில் விற்பனை செய்பவர் எவரும் தாம் யாருக்காகப் பேசுகிறார், எதை விற்கிறார், எதற்காக அழைக்கிறார் என்பதை அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லவேண்டும் என்று போட்டிச் சட்டம் கூறுகிறது. கடைக்காரருக்கு வரும் அழைப்புக்கும் அது பொருந்தும். இதைக் குறிப்பிட்டு, இரண்டாவது இன்வொய்ஸை நான் ஏற்கவில்லை என்று எழுத்தில் அறிவித்து, முறைப்பாட்டின் பிரதியையும் இணைத்தேன். அதற்குப் பிறகு மிரட்டல் நின்றது. கொடுத்த பணம் வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. சங்கத்துக்கு உரிய 150 டொலரை அந்தப் பெண்மணியிடம் தனியாகக் கொடுத்தேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வெளியிலிருந்து பேசும் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். சில சங்கங்கள் வரைபடம் அச்சிடும் வேலையை முறையாக ஒரு பதிப்பகத்திடம் கொடுத்து, விளம்பரப் பணத்தை அந்தப் பதிப்பகமே எடுத்துக்கொள்ள விடுகின்றன. சங்கத்துக்கு இலவசப் பிரதிகள் கிடைக்கும். அந்த ஏற்பாட்டில் தவறில்லை. ஆனால் அப்படியான பதிப்பகத்திடம் சங்கம் எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கும், பிரதி எண்ணிக்கையையும் விநியோக இடங்களையும் கேட்டால் தடுமாறாமல் சொல்வார்கள், அச்சுக்குப் போகுமுன் முழு வரைபடத்தையும் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். என்னிடம் காட்டியது ஒரு துண்டு மட்டுமே. அந்தத் துண்டிலேயே எங்கள் குறி ஆற்றுக்கு அப்பால் இருந்ததை இப்போது மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும்போது தெளிவாகக் காண்கிறேன். அன்று எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அழைத்தவர் கொடுக்கும் எண்ணில் சரிபார்ப்பதில் பயனில்லை. சங்கத்தின் பொருளாளரை நீங்களே தேடிப்பிடித்துக் கேளுங்கள். சின்ன ஊரில் அவரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல, அநேகமாக அவர் உங்களிடம்தான் பெற்றோல் அடிப்பார். கல்லாவில் பிள்ளைகளையோ உதவியாளரையோ விட்டுச் செல்பவர்கள், தொலைபேசியில் எந்த விபரத்தையும் உறுதிப்படுத்த வேண்டாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்த ஆண்டும் செப்டெம்பரில் அழைப்பு வந்தது. நிறுவனத்தின் பெயர் வேறு, குரல் வேறு, ‘சூடான சூப், சூடான கையுறை’ மட்டும் அதேதான். சங்கத்தின் கடிதத்தை அனுப்புங்கள், எச்.எஸ்.ரி எண்ணைச் சொல்லுங்கள் என்றேன்; பதில் இல்லாமல் தொடர்பு துண்டிக்கப்பட்டது. உடனே பொருளாளருக்கும், பிறகு தெற்கே அடுத்த ஊரில் சென்ற வசந்தத்தில் மோட்டல் வாங்கிய ஸ்காபரோத் தம்பி ஒருவருக்கும் தொலைபேசி எடுத்தேன். “அண்ணை, மாதிரி வந்தது, நல்லாயிருக்கு எண்டு நேற்றுத்தான் பதில் போட்டனான்” என்றார். பணம் இன்னும் அனுப்பியிருக்கவில்லை.