மெட்டல் செராமிக்கா, ஜிர்கோனியாவா? லேப் மேசையிலிருந்து ஓர் அலசல்

வேர் சிகிச்சை முடிந்ததும் கேப் போட வேண்டும் என்பார் மருத்துவர். கூடவே ஒரு விலைப்பட்டியலும் வரும்: அடியில் முழு உலோக கேப், அதற்கு மேல் உலோகத்தின் மீது பீங்கான் கட்டிய மெட்டல் செராமிக், உச்சியில் உலோகமே இல்லாத வெள்ளைச் செராமிக்கான ஜிர்கோனியா. விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்று நோயாளி எடுத்துக்கொள்கிறார். பல் லேப்பில் செராமிக் வேலை பார்ப்பவனுக்கு அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். எந்தப் பல், எவ்வளவு இடம், எதிரே எந்தப் பல் கடிக்கிறது என்பது தெரியாமல் இந்த மூன்றில் எதையும் உசத்தி என்று சொல்ல முடியாது.

முதலில் இடக்கணக்கு. எந்த கேப்பாக இருந்தாலும் அதன் கனத்துக்கு ஏற்பப் பல்லைக் குறைத்தாக வேண்டும். முழு உலோகத்துக்குக் கடிபரப்பில் 1 முதல் 1.5 மி.மீ. போதும், ஈறோர விளிம்பில் அரை மி.மீ. இருந்தாலே வேலை நடக்கும். ஒரே கட்டியான ஜிர்கோனியாவும் ஏறத்தாழ இதே அளவில் அடங்கிவிடும். மெட்டல் செராமிக்தான் அதிகம் கேட்கும்: வெளிப்பக்கம் 1.2 முதல் 1.5 மி.மீ., பீங்கான் மூடிய கடிபரப்பில் 2 மி.மீ. வரை. உள்ளே 0.3 முதல் 0.5 மி.மீ. உலோகத் தொப்பி, அதன் கருமையை மறைக்க ஒபேக் என்ற வெள்ளைப் பூச்சு, அதன் மேல் பல்லின் நிறத்தைத் தரும் பீங்கான் என்று மூன்று அடுக்குகள் உட்கார வேண்டுமே. மருத்துவர் தயங்கித் தயங்கிக் குறைத்து அளவெடுத்து அனுப்பினால் எங்களுக்கு இரண்டே வழி: பல்லைத் தடிமனாக்குவது, அல்லது பீங்கானை மெலிதாக்குவது. மெலிதானால் ஒபேக் சுண்ணாம்பு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். தெருவில் எதிரே வருபவர் சிரித்ததும் ‘இது கேப்’ என்று கண்டுபிடித்துவிடுகிறோமே, பெரும்பாலும் அதற்குக் காரணம் இதுதான்.

உலோகத்தின் மேல் பீங்கான் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பது இந்தத் தொழிலின் அழகான பகுதி. சாதாரணப் பீங்கான் சூட்டில் குறைவாக விரியும். உலோகம் அதிகமாக விரியும். இரண்டையும் சேர்த்துச் சுட்டால் ஆறும்போது பீங்கான் வெடித்துவிடும். பீங்கானில் லூசைட் என்ற படிகத்தைக் கலந்து அதன் விரிவை உலோகத்துக்கு அருகே கொண்டுவந்தார்கள். வைன்ஸ்டைன் குழுவினர் 1962-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். உலோகத்தின் விரிவு வேண்டுமென்றே ஒரு இம்மி கூடுதலாக விடப்படுகிறது. ஆறும்போது உலோகம் சற்று அதிகமாகச் சுருங்கி, பீங்கானை உள்நோக்கி அழுத்தியபடியே வைத்திருக்கும். அழுத்தத்தைப் பீங்கான் தாங்கும், இழுவையைத்தான் தாங்காது.

வேலை நடக்கும் விதம் இது. அளவிலிருந்து கல் மாதிரி வார்த்து, அதன் மேல் மெழுகில் தொப்பி செய்து, அதை வெப்பம் தாங்கும் மாவில் புதைத்துச் சூளையில் வைத்தால் மெழுகு எரிந்து வெற்றிடம் மிஞ்சும். அதற்குள் உருக்கிய நிக்கல் குரோமியமோ கோபால்ட் குரோமியமோ பாயும். இப்போது பல லேப்களில் மெழுகும் வார்ப்பும் போய்விட்டன. கோபால்ட் குரோமியப் பொடியை லேசர் அடுக்கடுக்காக உருக்கியே தொப்பி செய்கிறது. பிறகு தொப்பியைத் தேய்த்து, அலுமினா மணல் அடித்து, சூளையில் சூடாக்கி மேலே மெல்லிய ஆக்சைடு படலம் வரவைப்போம். பீங்கான் பற்றிக்கொள்வது இந்தப் படலத்தில்தான். படலம் தடித்தால் அதுவே பகையாகிவிடும். பின்னாளில் பீங்கான் சில்லு கரும்படலத்தோடு கழன்று வந்தால் தவறு எங்கே நடந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

பீங்கான் கட்டுவது தூரிகை வேலை. பொடியை நீரில் குழைத்து ஒபேக்கின் மேல் வைத்து, லேசாகத் தட்டி அதிர வைப்போம். நீர் மேலே கசியும். மெல்லிய தாளால் ஒற்றி எடுப்போம். துகள்கள் நெருங்க நெருங்கச் சுருக்கம் குறையும். அப்படியும் சுடும்போது ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதால் பல்லைப் பெரிதாகவே கட்ட வேண்டும். சூளை வாயில் பொறுமையாக உலர வைக்காமல் அவசரமாக உள்ளே தள்ளினால் நீராவி பீங்கானைப் பிளந்துவிடும். வெற்றிடத்தில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, குறை தீர்த்து மறுபடி சுட்டு, கடைசியில் மெருகேற்றுவோம். ஈறருகே மஞ்சள் கூடியும் நுனியில் ஒளி ஊடுருவியும் இருப்பதைக் கையால் கொண்டுவர முடிவது இந்த முறையின் பலம்.

ஜிர்கோனியாவுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அரைகுறையாகச் சுட்ட வட்டிலிருந்து இயந்திரம் கேப்பைக் கடைந்து எடுக்கும், இறுதி அளவைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாக. 1,500 டிகிரி அளவில் மணிக்கணக்கில் சுட்டால் சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். வளைவு வலிமை 1,000 மெகாபாஸ்கல் அளவுக்குப் போகும். மெட்டல் செராமிக்கின் மேலடுக்குப் பீங்கான் 100-ஐத் தொடுவதே அரிது. ஆனால் விளம்பரத்தில் பார்க்கும் வலிமையும் விளம்பரத்தில் பார்க்கும் அழகும் ஒரே வட்டில் கிடைப்பதில்லை. ஒளி ஊடுருவ வேண்டும் என்று, ஜிர்கோனியாவில் கலக்கும் இட்ரியத்தைக் கூட்டிய வட்டுகளில் வலிமை பெரிதும் இறங்கிவிடும். அழகுக்காக ஜிர்கோனியாவின் மேல் பீங்கான் கட்டிப் பார்த்தார்கள். அந்தப் பீங்கான் தொடர்ந்து சில்லு பெயர்ந்ததால்தான் ஒரே கட்டியாகக் கடையும் வழக்கம் ஓங்கியது.

முன்பல்லுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு: லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக். வலிமையில் நடுத்தரம்; ஆனால் ஒளியை இயற்கைப் பல் போலவே கடத்துவதில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அடியிலுள்ள பல் கறுத்திருந்தாலோ வேருக்குள் செருகிய உலோகத் தண்டு (போஸ்ட்) இருந்தாலோ இந்தக் குணமே வினையாகிவிடும், உள்ளே இருப்பதை அப்படியே காட்டிக்கொடுக்கும். அங்கே மெட்டல் செராமிக் இன்னும் நல்ல முகமூடி.

ஈறோரக் கறுப்புக் கோட்டைச் சொல்லித்தான் மெட்டல் செராமிக்கை ஒதுக்குகிறார்கள். புகார் உண்மையானதுதான். ஈறு இறங்கும்போது உலோக விளிம்பு வெளியே தெரியும். முன்பக்கம் விளிம்பு வரை பீங்கானாகவே முடிக்கச் சொன்னால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். பணி கூடுதல் என்பதால் யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். வேர் சிகிச்சை செய்த பல்லின் வேரே கறுத்து மெல்லிய ஈறின் வழியே தெரிவதும் உண்டு. அதற்கு ஜிர்கோனியா மாற்றினாலும் பயன் இல்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் நிக்கல் கலவையைத் தவிர்க்கத்தான் வேண்டும். பழைய நிக்கல் கலவைகள் சிலவற்றில் பெரிலியமும் இருந்தது. அதன் தூசு, தேய்க்கும் எங்களுடைய நுரையீரலைத்தான் முதலில் தாக்கும்.

பொருத்தும் நாளில் பொருளின் பெயரைவிட விளிம்பு முக்கியம். கேப்புக்கும் பல்லுக்கும் இடையே 120 மைக்ரான் வரைதான் இடைவெளியைப் பொறுக்கலாம் என்று மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்ற ஆய்வாளர்கள் 1971-ல் சொன்னது இன்றும் அளவுகோல். மருத்துவர் கூர்முனைக் கருவியால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்ப்பார். பக்கத்துப் பற்களோடு உள்ள இறுக்கத்தைப் பல் இடுக்கு நூலால் சோதிப்பார். வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, உயர்ந்த இடத்தைத் தேய்ப்பார். தேய்த்த இடத்தை மீண்டும் மெருகேற்றாமல் விட்டால் எதிர்ப்பல்லுக்கு அது உப்புத்தாள். நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லைப் பெரிதாகத் தேய்ப்பதில்லை; சொரசொரப்பாக விட்ட எந்தச் செராமிக்கும் தேய்க்கும்.

சிமென்டிலும் வேறுபாடு உண்டு. பல் போதிய உயரமாக இருந்தால் மெட்டல் செராமிக்குக்குக் கிளாஸ் அயனோமர் போதும். ஈரத்தையும் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஜிர்கோனியாவையும் அதிலேயே ஒட்டலாம். குட்டையான பல்லில் ரெசின் சிமென்ட் தேவைப்படும்போதுதான் சிக்கல்: ஜிர்கோனியாவை அமிலம் அரிக்காது. மணல் அடித்து, சிமென்ட் பற்றிக்கொள்வதற்கான தனி பிரைமர் தடவ வேண்டும். வாயில் வைத்துப் பார்த்தபோது பட்ட உமிழ்நீரையும் அதற்கு முன் முறையாக அகற்ற வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு, கேப் கழன்றதும் லேப்பைக் குறை சொல்வது வாடிக்கை.

ஜிர்கோனியாவோடு வரும் பத்து, பதினைந்து ஆண்டு வாரன்டி அட்டை கேப் உடைவதற்கானது. அடியிலுள்ள பல் சொத்தையானால் அந்த அட்டை உதவாது. கேப் மாட்டிய பற்கள் பல நேரங்களில் போவதோ அப்படித்தான்.

என்னைக் கேட்டால், கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு முழு உலோகமே போதும். பல் குறைவாகத் தேயும், சில்லு பெயராது, விலையும் குறைவு. பளபளப்பு பிடிக்காமல் பலரும் மறுக்கிறார்கள். வெளியே தெரியும் ஒற்றைக் கடைவாய்ப்பல்லுக்கு ஒரே கட்டியான ஜிர்கோனியா. நிறம் கறுக்காத முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட்.

விழுந்த பற்களின் இடத்தை நிரப்பப் பக்கத்துப் பற்களின் கேப்களோடு கோத்துச் செய்யும் நீண்ட பாலம் என்றால் இன்றும் மெட்டல் செராமிக்தான். ஜிர்கோனியாவில் பல்லுக்குப் பல் உள்ள இணைப்புகள் தடிமனாக இருக்க வேண்டும். கடைவாய்ப்பக்கம் மூன்று பல் பாலத்துக்கே ஏறத்தாழ 9 சதுர மி.மீ. கேட்பார்கள். குட்டைப் பற்களில் அவ்வளவு இடம் ஏது? உலோகச் சட்டத்தைப் பீங்கான் கட்டும் முன்பே வாயில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை என்றால் அறுத்து, வாயிலேயே நிலையைப் பிடித்து அனுப்பினால் பற்றவைத்துத் தருவோம். ஜிர்கோனியாப் பாலம் உட்காராவிட்டால் மறுபடி அளவெடுத்துப் புதிதாகக் கடைய வேண்டியதுதான்.